பாடாத பிள்ளை உண்டோ?

"எனக்குக் குரல் இல்லை, பாட்டு வாராது" என்று கைகூப்பி ஒதுங்குவார் எம் கல்லூரி விடுதியில் எத்துணைப் பேர் என்பதை, ஆண்டு விழாவிற்கு இசைக்குழு திரட்டப் புறப்பட்ட அன்பர்கள் நன்கறிவர். நாடகத்திற்கு ஆள் கிடைக்கும், பந்தாட்டத்திற்குக் கிடைக்கும், பாட்டு என்றாலோ, நிறைந்திருந்த கூடம் நொடியில் வெறுங்கூடமாகும். இங்ஙனம் ஒதுங்கினாருள் யாமும் ஒருவரே. எமக்கு எட்டு வயது நடந்தபொழுது, கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்காகப் பிள்ளைகளைப் பாடப் பழக்கிய ஒருவர் எம்மை வரிசையின் கடைசியில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றனர். அவர் தீயவர் அல்லர். பண்டிகை நெருங்கிவிட்டது, அவ்வளவே. ஆயினும் அன்று மூடிய வாயைப் பதினோராண்டாக யாம் திறந்திலேம். இக்கட்டுரை எழுதப் புகுந்தமைக்கு அதுவே காரணம் என்பதை மறைப்பானேன்?

யாம் கூற விழைவது ஒன்றே. இசை சிலர்க்கு மட்டும் அருளப்பட்ட தனிச்செல்வம் அன்று. பேச்சைப் பெறுதற்குரிய செவியோடு பிள்ளை பிறப்பது போலவே, இசையைப் பெறுதற்குரிய செவியோடும் பிறக்கிறது. அச்செவி பதப்படுங் காலம் மழலைப் பருவம்; அதனைப் பதப்படுத்துவது வீட்டிலுள்ளாரின் வாய்ப்பாட்டு. அக்காலத்தை வாளா கழியவிட்டு, எட்டு வயதில் 'குரல் இல்லை' என்று தீர்ப்புக் கூறுவது, நீர் பாய்ச்சாத வயலைப் பார்த்து விளைச்சல் இல்லையென்று நொந்துகொள்வது போலாம்.

செவியின் தொழில் பிறப்பிற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. ஆறு திங்கள் நிரம்பிய கரு ஒலி கேட்டு அசைந்து கொடுக்கிறது. அங்கே அதன் செவிக்கு மிகுதியாய் எட்டுவது அன்னையின் குரலே. சொற்கள் தெளிவாக எட்டாவிடினும் குரலின் ஏற்ற இறக்கமும் நடையும் எட்டுகின்றன. 1980-ஆம் ஆண்டில் டிகாஸ்பர், பைபர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பிறந்து மூன்று நாள் நிரம்பாத குழவிகளின் வாயில் இரப்பர்க் காம்பை வைத்து, அவை சப்பும் நடைக்கேற்பத் தாயின் குரலேனும் வேறொருத்தியின் குரலேனும் கேட்குமாறு அமைத்தனர். குழவிகள் தாயின் குரலை வருவிக்கும் பொருட்டுத் தாம் சப்பும் நடையை மாற்றிக்கொண்டன! 2009-இல் விங்க்லர் முதலானோர் பச்சிளங் குழவிகள் உறங்கும்பொழுது தாளக்கோவை ஒன்றை ஒலிக்கச்செய்து, மூளையின் மின்னசைவுகளை அளந்தனர். தாளத்தின் தலைத்தட்டு விழவேண்டிய இடத்தில் விழாதபொழுது, உறங்கும் குழவியின் மூளை அக்குறையை உணர்ந்தமை கருவியிற் புலனாயிற்று. தொட்டிலிற் கிடப்பது ஏதுமறியாப் பிண்டம் என்று எண்ணுவார் இதனை நோக்குக.

இவற்றைப் படித்தபோது எம் நெஞ்சு பிள்ளைத்தமிழின் பருவங்களிற் சென்று நின்றது. தேர்விற்காக அப்பருவங்களின் பெயரை நெட்டுருச் செய்த நாளில் அவற்றின் பொருள் எமக்கு விளங்கிற்றில்லை. ஐந்தாந் திங்களிற் செங்கீரை. பிள்ளை தலை தூக்கி முன்னும் பின்னும் அசைந்தாடுகிறது. 'கீர்' என்பதற்குச் சொல் என்று பொருள் கொண்டு, மழலை பேசத் தொடங்குதலையே இப்பெயர் குறிக்கும் என்பாரும் உளர். ஏழாந் திங்களில் தால். தால் என்பது நாவாதலின், நாவசைத்துப் பாடும் தாலாட்டிற்கு உரிய பருவம் அது. ஒன்பதாந் திங்களிற் சப்பாணி. இரு கையும் சேர்த்துக் கொட்டுதல். பின்னர் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை, பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும். உடலசைவு, நாவசைவு, கைத்தாளம், பறை, ஆடற்பாட்டு என இவை ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்திருத்தலைக் காண்க. இசைக்கல்வி கருதியே புலவர் இவ்வாறு வகுத்தனர் என்று யாம் சாதிக்கப் புகவில்லை, அது மிகையாகும். பிள்ளைகளை அருகிருந்து பார்த்தவர்கள், பார்த்ததை எழுதினார்கள் என்னும் அளவே கூறுவோம்.

தால் பருவத்திற்குரிய அவ்வேழாந் திங்களைப் பற்றியே வியக்கத்தக்க ஆராய்ச்சி ஒன்றும் உளது. கானடா நாட்டில் பிலிப்ஸ் சில்வர், டிரெயினர் என்னும் இருவர் 2005-இல் வெளியிட்டது அது. அழுத்தம் எங்கே விழுகிறது என்று துணிய இயலாத தாளம் ஒன்றைக் கேட்பித்து, ஏழு திங்கட் பிள்ளைகள் சிலரை இரண்டு தட்டிற்கு ஒருமுறையும், வேறு சிலரை மூன்று தட்டிற்கு ஒருமுறையும் கையிலேந்திக் குதிப்பித்தனர். பின்பு அழுத்தம் விளங்கும்படி அதே தாளத்தை இருவகையாக ஒலித்தபொழுது, ஒவ்வொரு பிள்ளையும் தான் குதித்த நடையையே விரும்பி நெடிது கேட்டது. கண்ணைக் கட்டினும் அவ்வாறே. ஆனால், தான் குதியாது பிறர் குதித்தலைப் பார்த்திருந்த பிள்ளைகட்கோ இவ்விருப்பம் உண்டாகவில்லை. ஆகவே பிள்ளை தாளத்தைக் கேட்பது செவியால் மட்டும் அன்று, உடலாலும் என்பது போதரும். மடியிற் கிடத்திச் சாய்ந்தாடச் செய்தும், கைவீசப் பழக்கியும் எம் பாட்டியார் எம்மோடு விளையாடிய விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதை அன்று யார் அறிந்தார்?

பிள்ளை எவ்விசையைக் கேட்டு வளர்கிறதோ அதற்கே அதன் செவி இசைந்து போதலும் விரைவில் நிகழ்கிறது. ஹானன், டிரெஹப் என்னும் அறிஞர் 2005-இல் கண்டது இது: பால்கன் நாட்டுப் பாட்டுக்களில் ஏழு எண்ணிக்கைத் தாளம் உண்டு, இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து நடக்கும். அத்தகைய தாளத்தைக் கேட்டுப் பழகாத வட அமெரிக்கப் பிள்ளைகளும் ஆறு திங்களில் அதன் பிழையைக் கண்டுகொள்கின்றன. பன்னிரண்டு திங்களில் அவ்வாற்றல் மறைந்துபோகிறது. இரண்டு வாரம் அவ்விசையை வீட்டிற் கேட்பித்தால் ஓராண்டுப் பிள்ளைக்கு அவ்வாற்றல் மீள்கிறது. வளர்ந்தவர்க்கோ அவ்வளவிற் கிட்டுவதில்லை. நம் மிச்ர சாபும் ஏழு எண்ணிக்கையது அன்றோ? தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும், ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுக்களையும் ஒரே காலையிற் கேட்டு வளரும் ஆலயத்துப் பிள்ளை, இருவகைச் செல்வத்திற்கும் வாரிசு என்பது எம் துணிபு. பெரியவர்கள் அவ்விரண்டனுள் எது உயர்ந்தது என்று வாதாடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை இரண்டையும் எடுத்துக்கொள்ளும்.

கேட்பது இங்ஙனமிருக்கப் பாடுவது மெல்லவே வருகிறது. ஒன்றரை, இரண்டு வயதிற் பிள்ளை தானே இட்டுக்கட்டிய ஓசைகளைப் பாடித் திரிகிறது. பிறர் பாட்டைக் கற்கும்பொழுது முதலிற் சொல்லும், பின்னர் நடையும், பின்னர் ஓசையின் ஏற்ற இறக்க வடிவும் கைவருகின்றன. சுரங்களுக்கு இடைப்பட்ட தொலைவு திருந்துவது எல்லாவற்றிற்கும் பின்னரே. எட்டு வயதிற் சுருதி பிறழ்தல் பலர்க்கும் இயல்பு. அது பாதி வழியில் நிற்றலேயன்றி வழி முடிதல் அன்று. 2015-இல் டெமரஸ்ட், பிபோர்ட்ரெஷர் என்னும் இருவர் கண்டதைக் கேட்டால் நம் விடுதியார் நகைப்பர். மழலைப் பள்ளி முதல் தொடக்கப் பள்ளியின் இறுதி வகுப்பு வரையிற் பாட்டின் திருத்தம் ஏறிக்கொண்டே செல்கிறது. கல்லூரி மாணவரோ மீண்டும் மழலைப் பள்ளியாரின் நிலையில் நிற்கின்றனர்! இடையிற் பாடுவதை விட்டமையே காரணம் என்பதன்றி வேறு என் சொல்வது? இசையை உணரும் ஆற்றலே பிறவியிற் குன்றியவர், 2017-இல் வெளிவந்த கணக்கின்படி நூற்றுக்கு இருவரினும் குறைவு. எம் விடுதியில் 'குரல் இல்லை' என்பார் நூற்றுக்கு எழுபதின்மர்க்குக் குறையார். எண்ணிப் பார்க்கவில்லை, ஆயினும் பிழையாகாது.

இக்காலத்துப் பெற்றோர் சிலர் பிள்ளையின் அறிவு கூர்மையாகும் என்று கருதி ஐரோப்பியப் பேரிசையைத் தொட்டிலருகே ஒலிக்கச் செய்கின்றனர். இதன் வரலாறு வேடிக்கையானது. 1993-இல் மோசார்ட்டின் இசையைச் சற்றுநேரம் கேட்ட கல்லூரி மாணவர் 36 பேர், இடவடிவங்களைப் பற்றிய கணக்கொன்றில் சிறிதுபோழ்து மேம்பட்டனர் என்று ஓர் ஆராய்ச்சி கூறிற்று. அதில் ஒரு குழந்தையும் இல்லை. அதனைப் பற்றிக்கொண்டு 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் பிள்ளைகட்கெல்லாம் இசைத்தட்டு வழங்கத் திட்டமிட்டார். கணக்கிற்காக இசை என்பது எமக்கு உடன்பாடு அன்று.

தட்டாலும் கைப்பேசியாலும் செவி பழகும் என்பதை யாம் மறுக்கவில்லை. மேற்சொன்ன பால்கன் இசைச் சோதனையே அதற்குச் சான்று. ஆனால் கைப்பேசி பிள்ளையை மடியிலிட்டு ஆட்டாது. அது சிரித்தபொழுது நடையை விரைவாக்காது. கண் சொருகும்பொழுது குரலைத் தாழ்த்தாது. "எமக்கே சுருதி இல்லையே, யாம் பாடினால் பிள்ளை கெடாதோ?" என்று வினவும் தாய்மாரை யாம் கண்டதுண்டு. பிள்ளை அவர்களிடம் கச்சேரி கேட்கவில்லை. 2016-இல் வெளிவந்த கானடா நாட்டு ஆராய்ச்சி ஒன்றில், அறியாத துருக்கி மொழிப் பாட்டைக் கேட்ட மழலைகள் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் அழாதிருந்தன. பேச்சைக் கேட்டவை நான்கு நிமிடமே பொறுத்தன. மொழியே தெரியாத பாட்டிற்கு இவ்வாற்றல் என்றால், தாயின் குரலிற் பிறக்கும் பாட்டிற்கு எத்துணை!

எம் தமக்கையாருக்கு எட்டுத் திங்களில் ஒரு மகள் இருக்கிறாள். சென்ற விடுமுறையில் ஒரு நண்பகல் வீட்டில் வேறொருவரும் இல்லாதபொழுது அவள் அழத் தொடங்கினாள். பாலும் இறங்கவில்லை, கிலுகிலுப்பையும் பயன்படவில்லை. வேறு வழியின்றிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, எம் பாட்டியார் பாடிய தாலாட்டை நினைவிற்கு வந்தவரையிற் பாடினோம். சுருதி எங்கோ சென்றது. மூன்றாம் அடி மறந்தும் போயிற்று. அவள் அழுகையை நிறுத்தி எம் வாயையே உற்றுநோக்கினாள். யாம் நிறுத்தியதும் மீண்டும் அழுதாள். ஆகவே முதலிலிருந்து தொடங்கினோம்.