எதிரே வருபவருக்கும் கண் இருக்கிறது

மதுரையைச் சுற்றி இரவில் வண்டி ஓட்டுகிற யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ரோட்டில் உள்ள குழியையும் நடுரோட்டில் படுத்திருக்கும் மாட்டையும் பற்றிப் பிறகுதான் சொல்வார்கள். முதலில் வருகிற புலம்பல், "எதிர்ல வர்றவன் லைட்டு கண்ணுல அடிக்குது" என்பதுதான். செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டிக்குப் போனாலும் சரி, பரவையிலிருந்து வயலோரமாகச் சோழவந்தானுக்குப் போனாலும் சரி, அழகர்கோவில் ரோட்டில் திரும்பினாலும் சரி, வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் நீலம் பாய்ந்த ஒரு வெளிச்சம் முகத்தில் வந்து அறைகிறது. அடுத்த சில நொடிகளுக்கு ரோடு தெரியாது, ரோட்டின் ஓரம் தெரியாது, அந்த ஓரத்தில் நடந்து போகிறவரும் தெரியமாட்டார்.

எரிச்சலில் நாம் நம் லைட்டை ஒரு தடவை தூக்கிக் காட்டுவோம், 'டிம் பண்ணுப்பா' என்று. அவரும் பதிலுக்கு ஒரு தடவை தூக்கிக் காட்டுவார். அப்போதுதான் விளங்கும், இவ்வளவு நேரமும் கண்ணைக் கூசவைத்தது அவருடைய டிம் லைட் என்பது. அவர் தம் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நம்பித்தான் கடந்து போகிறார். கோளாறு அவர் கையில் இருக்கும் சுவிட்சில் இல்லை. கடையில் வாங்கி மாட்டிய பல்பில் இருக்கிறது. நம்மை அதிகம் வேதனைப்படுத்துவதும் இதுதான். ஹை பீமில் வருபவரைத் திட்டலாம், கைகாட்டித் திருத்தலாம். டிம்மிலேயே கண்ணைக் குருடாக்கும் விளக்கோடு வருபவரை என்ன செய்வது?

கார் அக்சஸரீஸ் கடைக்குப் போய் 'ஹெட்லைட் வெளிச்சம் பத்தவில்லை' என்றால், உடனே ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். ஹெச்ஐடி கிட், செனான் கிட் என்று அதற்குப் பெயர். உள்ளே இரண்டு பல்பு, இரண்டு பல்லாஸ்ட், கொஞ்சம் வயர். 6000 கே, 8000 கே என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாட்டி முடித்துவிடுவார்கள். இப்போது செனான் கிட் கொஞ்சம் பழசாகி, அதே இடத்துக்குப் பின்னால் சின்ன விசிறி வைத்த எல்இடி பல்பு வந்திருக்கிறது. சரக்கு மாறினாலும் செய்கிற கேடு ஒன்றேதான்.

அப்படி ஒரு கடையில் வேலை பார்க்கும் பையனிடம் கேட்டேன்: "தம்பி, இது எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்காதா?"

"அடிக்கத்தாண்ணே செய்யும். ஆனா எதிர்ல வர்றவரும் இதத்தான போட்டிருக்காரு. நீங்க மட்டும் பழைய லைட்ட வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. ஊரில் நடப்பதைத்தான் சொன்னான். ஒருவர் போட்டதால் இன்னொருவர் போடுகிறார், அவர் போட்டதால் மூன்றாமவர் அதைவிடப் பெரிதாகப் போடுகிறார். இந்தப் போட்டியில் கார் இல்லாதவருக்கு இடமே இல்லை. விடியற்காலையில் மல்லிகைப்பூ மூட்டையை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருகிறவர் எந்தக் கிட்டைப் போட்டு இதற்குப் பதில் சொல்வார்? பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வருகிற குட்டி யானை டிரைவர்? தைப்பூசத்துக்குச் சமயநல்லூர், வாடிப்பட்டி வழியாகப் பழநிக்கு நடக்கிற பாதயாத்திரைக் கூட்டம்?

இந்தக் கிட் ஏன் கெடுதல் என்பதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். நம்மூர்க் கார்கள் பலவற்றில் இருப்பது ஹெச்4 என்ற ஹாலஜன் பல்பு. அதற்குள் இரண்டு இழைகள், ஹை பீமுக்கு 60 வாட், டிம் என்கிற லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். இழையிலிருந்து கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சம் ரிஃப்ளெக்டரில் பட்டு மேலே எகிறாமல் அதுதான் தடுக்கிறது. இழை எவ்வளவு நீளம், எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துத்தான் அந்த ரிஃப்ளெக்டரையே வளைத்துச் செய்திருக்கிறார்கள். செனான் பல்பில் இழையே கிடையாது. ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு முனைகளுக்கு நடுவே மின்பொறி பாய்ந்து எரிகிறது. அதைப் பற்றவைக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும் என்பதால்தான் பல்லாஸ்ட் என்ற பெட்டி. ஒளி பிறக்கும் இடமும் வேறு, வடிவமும் வேறு. ஹாலஜனின் லோ பீம் ஏறத்தாழ 1000 லூமன் தரும். கம்பெனித் தரத்துச் செனான் சுமார் 3200 லூமன். ஐந்து ஹெச்பி மோட்டாருக்கு வெட்டிய வாய்க்காலில் பதினைந்து ஹெச்பி தண்ணீரைத் திறந்துவிட்டால் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குத்தான் போகும். இந்த வெளிச்சமும் அப்படித்தான், ரோட்டில் விழவேண்டியது எதிரே வருபவர் முகத்தில் போய் விழுகிறது.

செனான் விளக்கே கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. 1991இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் அது முதன்முதலாக வந்தது. அதைக் கம்பெனியிலேயே பொருத்தும்போது ஒளியை வெட்டி நிறுத்தும் புரொஜெக்டர் லென்ஸோ அதற்கென்றே செய்த ரிஃப்ளெக்டரோ சேர்ந்து வரும். ஐரோப்பிய விதிகளின்படி லோ பீம் பல்பு 2000 லூமனைத் தாண்டினால், பின்சீட்டில் ஆளும் டிக்கியில் சுமையும் ஏறி வண்டியின் மூக்கு தூக்கினாலும் விளக்கின் மட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் கருவி வேண்டும். கண்ணாடியில் படிந்த அழுக்கு ஒளியைச் சிதறடிக்காமல் கழுவிவிடும் கருவியும் வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டோடு வந்த பொருளிலிருந்து பல்பையும் பல்லாஸ்டையும் மட்டும் பிரித்தெடுத்து, எந்தக் கட்டுப்பாடும் இல்லாத பழைய ஹெட்லைட்டுக்குள் சொருகுகிறோம். பெட்டியில் போட்டிருக்கும் 8000 கே கூட அதிக வெளிச்சத்தின் அளவு அல்ல, நிறத்தின் அளவுதான். கம்பெனிச் செனான் சுமார் 4300 கே. அதற்கு மேலே போகப் போக நீலம் கூடுமே தவிர, ரோடு அதிகமாகத் தெரியாது.

போட்டவருக்காவது லாபம் உண்டா என்றால் அதுவும் குறைவுதான். இந்தக் கிட்டுகளில் வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடிக்குள் வெளிச்சம் கொட்டிக் கிடக்கும். பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண்பாவை சுருங்கிவிடும். தூரத்து இருட்டில் நிற்கும் டிராக்டர் இன்னும் மங்கலாகத்தான் தெரியும். ரோடு பளிச்சென்று இருப்பதால் நன்றாகப் பார்க்கிறோம் என்ற நினைப்பு வருகிறது. அந்த நினைப்பில் வேகமும் கூடுகிறது.

எதிரே வருபவரின் கணக்கைப் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. கூசிய கண் தெளிய ஐந்து நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நூறு மீட்டருக்கு மேல் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறார். வயதானால் தெளியும் நேரம் இன்னும் நீளும். கண்புரை தொடங்கியவருக்கோ, கலங்கிய லென்ஸுக்குள் ஒளி சிதறிப் பார்வை முழுவதும் பரவிவிடும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. கண்புரை சிகிச்சையில் உலகமே திரும்பிப் பார்த்த ஊர். சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து எத்தனையோ பெரியவர்கள் இங்கே கண்ணுக்காக வந்து போகிறார்கள். அதே பெரியவர்கள் சாயங்காலத்துக்குப் பிறகு தங்கள் ஊர் ரோட்டைக் கடக்கவே பயப்படும்படி நாம் வைத்திருக்கிறோம். மனம் பொறுக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 106ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். 1.5 மீட்டர் என்பது மொபெட்டில் வருபவரின் கண் மட்டத்துக்குப் பக்கம். ரோட்டில் நடப்பவரின் கண் மட்டத்துக்கும் பக்கம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதியில்லாத பாகங்களை மாட்டி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் சேர்த்தார்கள்.

விதி இருந்தும் பார்ப்பதற்கு ஆள் இல்லை. லாரி, வேன், டாக்ஸி என்றால் எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம் எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்குப் போயே ஆகவேண்டும். சொந்தக் காருக்கோ பதிவு பதினைந்து வருடத்துக்குச் செல்லும். அதுவரை எஃப்சி கிடையாது. வாங்கிய மறுவாரமே கிட் மாட்டினாலும் பதினைந்து வருடம் அந்த விளக்கை எந்த அதிகாரியும் நிறுத்திப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. முன்பெல்லாம் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று போலீசும் போக்குவரத்துத் துறையும் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் அங்கேயே ஒட்டிவிடுவார்கள். அதில் எவ்வளவு பலன் என்பது வேறு விஷயம். எதிரே வருபவரின் கண்ணைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அக்கறை இருப்பதாவது அதில் தெரிந்தது. இன்று ஹெல்மெட்டுக்கும் இன்சூரன்ஸுக்கும் நிறுத்துகிற இடத்தில் ஹெட்லைட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

2022இல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. வெளிச்சத்தால் ஒரு விபத்து நடந்தால், கண் கூசி நிலைதடுமாறியவர் விழுந்து கிடப்பார். கூசவைத்த கார் எந்தக் கீறலும் இல்லாமல் போய்விட்டிருக்கும். வழக்கு எழுதும்போது 'கட்டுப்பாட்டை இழந்து' என்று விழுந்தவர் மேல்தான் எழுதுவார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிட் வாங்குகிறவருக்கும் நியாயமான குறை இருக்கிறது. பழைய கார்களின் ஹெட்லைட் மங்கல்தான். தெருவிளக்கில்லாத ரோட்டில் குடும்பத்தோடு வருகிறவர் கூடுதல் வெளிச்சம் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை. மெல்லிய வயரும் தேய்ந்த சுவிட்சும் வழியிலேயே மின்சாரத்தைத் தின்றுவிடும். ஹாலஜனில் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து ரிலே போட்டால் அந்த வெளிச்சம் திரும்பி வரும். மஞ்சள் பூத்த ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டால் இன்னும் கொஞ்சம் வரும். நல்ல கம்பெனியின் அதே 60/55 வாட் பல்பைப் புதிதாகப் போட்டு, ஃபோகஸை மட்டம் பார்த்து வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு வேறெதுவும் தேவைப்படாது. இதை எந்த நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனும் செய்து தருவார். கிட்டை விடச் செலவும் கூடிவிடாது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். பெட்டி விற்பதில் இருக்கும் அவசரம் ரிலே மாட்டுவதில் இல்லை.

ஆகவே கேட்கிறேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் மாதம் ஒரு ராத்திரியாவது உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை சுற்றுச்சாலையில் நின்று விளக்கைச் சோதிக்கட்டும். அபராதத்தைவிட முக்கியம், கிட்டைக் கழற்றி ஒரிஜினல் பல்பை மாட்டிக் காட்டினால்தான் வண்டியை விடுவோம் என்ற உறுதி. ரோட்டில் மாட்டக்கூடாத பொருளைக் கடையில் அடுக்கி விற்பதையும் சேர்த்துத் தடுக்கட்டும். வாங்கியவரை மட்டும் பிடித்து விற்றவரை விட்டால் இது தீராது.

கார் வைத்திருப்பவர்களுக்கு அரசாங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி லோ பீமைப் போடுங்கள். முன்னால் இருபத்தாறு அடி அளந்து, காரின் வலது ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளி, ஐந்தடி உயரத்தில் உங்கள் கண் இருக்கும்படி நின்று விளக்கைப் பாருங்கள். சட்டம் கேட்கும் சோதனை ஏறக்குறைய அவ்வளவுதான். கூடவே வீட்டில் வயதான அப்பாவோ அம்மாவோ இருந்தால் அவர்களையும் அங்கே நிறுத்திக் கேளுங்கள். அவர்கள் கண்ணைக் கையால் மறைத்தால், மறுநாள் காலையில் மெக்கானிக்கிடம் போய் அந்தக் கிட்டைக் கழற்றிப் போட்டுவிடுங்கள்.