புது சேஸிஸ், பழைய பாடி

நாமக்கல் பக்கம் லாரி வாங்கினவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். கம்பெனியிலிருந்து சேஸிஸை ஓட்டிக்கொண்டு வந்து, நம்ம ஊர் பட்டறையில் பாடி கட்டிக்கொள்வது வழக்கம். பழைய லாரியின் பாடியைக் கழற்றிப் புது சேஸிஸ் மேல் தூக்கி வைத்தால்? ஒரு போல்ட் துளை பொருந்தாது. பாடி மேலும் தப்பில்லை, சேஸிஸ் மேலும் தப்பில்லை.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான் ஸார். விண்டோஸ்தான் சேஸிஸ். மேலே உட்காரும் ப்ரோக்ராம், பாடி.

லாரி ஆபீஸ், முட்டை மண்டி, ஜவ்வரிசி மில் என்று எங்கே வேலை பார்த்தாலும் இந்த ஆசாமியைச் சந்தித்திருப்பீர்கள். தொண்ணூறுகளில் யாரோ ஒரு தம்பி ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த பில்லிங் ப்ரோக்ராம்! மவுஸ் என்கிற ஜந்துவையே அறியாதது. எழுதின தம்பி எங்கே இருக்கிறார், யாருக்கும் தெரியாது. ப்ரோக்ராம் மட்டும் மார்க்கண்டேயன் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆபீசுக்குப் புதுப் பெட்டி வரும். அன்றைக்கே மார்க்கண்டேயன் படுத்துவிடுவான்.

"ஏனுங்க தம்பி, பொட்டி புதுசுங்க. பில்லு மட்டும் வர மாட்டேங்குதுங்களே?" என்பார் முதலாளி.

பதில் சொல்வதற்கு முன் ஒரு வேலை. பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே அந்த ஃபோல்டரை முழுசாக பென் டிரைவில் காப்பி எடுங்கள். டி.பி.எஃப். ஃபைல்கள் மட்டும் போதாது. நீளமான குறிப்புகள் எஃப்.பி.டி. ஃபைலில் இருக்கும். அதை விட்டுவிட்டால் சில டேபிள் திறக்கவே திறக்காது. ஒரு காப்பி ஆபீசில், ஒரு காப்பி வீட்டில்.

அப்புறம், ப்ரோக்ராம் என்ன சொல்லிவிட்டு விழுந்தது என்று படியுங்கள். ஓகே பட்டனைத் தட்டுவதற்கு முன்னால்!

முதல் வியாதி: 'இந்தப் பெட்டியில் இது ஓடாது' என்று எடுத்த எடுப்பிலேயே கையை விரிப்பது. உங்களுடையது டாஸ் காலத்து ப்ரோக்ராம். 64 பிட் விண்டோஸில் டாஸ், 16 பிட் ப்ரோக்ராம்களுக்கு இடமில்லை. 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. பத்துத் தடவை இன்ஸ்டால் செய்தாலும் பத்துத் தடவையும் இதே பதில்தான். டாஸ்பாக்ஸ் என்று ஒன்று உண்டு, ஆனால் அது விளையாட்டுகளுக்காகச் செய்தது. ஆபீஸ் வேலைக்கென்றே செய்த வி-டாஸை முயற்சி செய்யுங்கள். இல்லையென்றால் வர்ச்சுவல் மெஷின் போட்டு, புதுப் பெட்டிக்குள் பழைய விண்டோஸைக் குடிவையுங்கள்.

இரண்டாவது வியாதி விஷமமானது. ப்ரோக்ராம் ஓடும், ராத்திரி போட்ட பில்லைக் காலையில் காணோம்! 2007-ல் கடைக்கு வந்த விஸ்டா முதற்கொண்டு, 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் சாதாரண யூஸர் எழுத முடியாது. பழைய ப்ரோக்ராமோ கணக்கைத் தன் மடியிலேயே முடிந்து வைத்துக்கொள்ளும் ரகம். எதற்கு வம்பு என்று விண்டோஸ் அந்த என்ட்ரியை 'வர்ச்சுவல் ஸ்டோர்' என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு யூஸருக்கும் தனித்தனியாக ஒளித்து வைக்கும். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் இன்னும் குழப்பம். அது ஒரிஜினல் ஃபோல்டரைத்தான் காட்டும். ஒரே பார்ட்டிக்கு மூன்று பாக்கி! மருந்து: ஒளிந்திருக்கும் ஃபைல்களை முதலில் எடுத்து வையுங்கள். பிறகு ப்ரோக்ராமை சி டிரைவில் தனி ஃபோல்டருக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது: நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று விழுவது. ப்ராபர்ட்டீஸில் 'காம்பாட்டிபிலிட்டி' என்ற பக்கத்தில் பழைய விண்டோஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. சிம் சிட்டி என்ற விளையாட்டு, திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியை மறுபடி போய்ப் படிக்கும். காலி செய்த வாடகை வீட்டில் போய்ச் சாப்பிட உட்காருகிற மாதிரி! பழைய விண்டோஸ் கண்டுகொள்ளவில்லை. விண்டோஸ் 95 தயாரானபோது மாட்டிக்கொண்டது. ஓடுவது சிம் சிட்டிதானா என்று பார்த்து, அதற்கு மட்டும் வீட்டை உடனே இடிக்காமல் விட ஏற்பாடு செய்தார்கள்.

சிம் சிட்டிக்குச் செய்தார்கள். சங்ககிரி லாரி ஆபீஸ் பில்லுக்குச் செய்வார்களா?

எனவே, மேலே சொன்ன மருந்தெல்லாம் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கே கடைசிப் பதிப்பு 2004-ல்; சப்போர்ட் 2015 ஜனவரியில் முடிந்தது. அவகாசத்தில் கணக்கை வெளியே எடுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம், டி.பி.எஃப். ஃபைலை அப்படியே திறக்கும். காப்பியில் மட்டும் கை வையுங்கள். புது ப்ரோக்ராமுக்கு மாறினால் ஒரு மாதம் இரண்டிலும் என்ட்ரி போட்டு, பார்ட்டி பாக்கி இரண்டிலும் ஒன்றாக வருகிறதா பாருங்கள்.

பெட்டி போனால் பெட்டி வாங்கலாம். வாடகை பாக்கிக் கணக்கு போனால், பார்ட்டியிடம் போய், "நீங்களே பார்த்துச் சொல்லுங்க, எவ்வளவு தரணும்?" என்றுதான் நிற்க வேண்டும். அப்படிக் கேட்டு முழுத் தொகையும் வாங்கின லாரி ஓனர் இன்னும் பிறக்கவில்லை!