பன்மைக் குறியீடு மறைக்கும் கணக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு ஒரு சேர்க்கைக் கையேட்டை அச்சிட்டது. அட்டையில், அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் ஆர்ப்பரிக்கும் வெள்ளை மாணவர் கூட்டம். அவர்களிடையே சிரித்த முகத்துடன் ஒரு கறுப்பின மாணவர். அவர் அப்படியொரு போட்டிக்குப் போனதே இல்லை. வேறொரு படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். குட்டு வெளிப்பட்டதும் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

இன்றைக்கு அந்த ஒட்டுவேலைகூடத் தேவைப்படாது. ‘யு.எஸ். நியூஸ்’ வெளியிடும் இனப்பன்மைக் குறியீடே போதும். வளாகத்தில் ஒரு மாணவர் எதேச்சையாகச் சந்திக்கும் இன்னொருவர் வேற்றினத்தவராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை 0 முதல் 1 வரையிலான எண்ணாகச் சொல்வது அது. ஒரு கல்லூரியில் வெள்ளையர், ஆசிய வம்சாவளியினர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் தலா மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. அதன் மதிப்பெண் 0.67. இன்னொரு கல்லூரியில் பாதிப் பேர் கறுப்பினத்தவர், பாதிப் பேர் வெள்ளையர். அதற்குக் கிடைப்பதோ 0.5! தன் இனத்தவர் கணிசமாக இருக்கும் கலப்பு வளாகத்தைத் தேடும் கறுப்பின மாணவி இந்தக் குறியீட்டை நம்பினால், தவறான வாசலில்தான் போய் நிற்பார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பொதுக் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று கலிஃபோர்னியா 1996இல் வாக்கெடுப்பின் மூலம் சட்டம் செய்தது. பல நிற முகங்கள் நிறைந்த, அம்மாநில அரசுப் பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ. வளாகத்தில், 2006இல் முதலாண்டில் சேரவிருந்த சுமார் 4,800 பேரில் கறுப்பினத்தவர் 96 பேர்தான். அவர்களிலும் ஏறத்தாழ 20 பேர் விளையாட்டுக்காகத் தேர்வானவர்கள். 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதே தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. அடுத்த ஆண்டே எம்.ஐ.டி.யின் புதுமுக மாணவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 13 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 11 சதவீதத்திலிருந்து 3. யேலிலோ 14 சதவீதம் அப்படியே நின்றது. ஆக, பழைய புள்ளிவிவரத்தை வைத்துக் கல்லூரி தேடுவதிலும் பொருளில்லை.

சேருவோர் எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, அவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியேறுகிறார்கள் என்பது. அட்லாண்டாவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். பெயரில் பெரிய பகட்டில்லை. அங்கே கறுப்பின மாணவர்களே மிகப் பெரிய பிரிவினர். மற்ற இனத்தவரும் தாராளமாக உண்டு. படிப்பை முடிக்கும் தறுவாயில், சில நூறு டாலர் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம் என்பதை நிர்வாகம் கண்டுகொண்டது. 2011இல் ஒரு சிறு நிதியைத் தொடங்கி, மாணவர் விண்ணப்பிக்கக் காத்திராமல் அந்தப் பாக்கியைத் தானே அடைத்தது. எந்தப் பாடத்தில் யார் சறுக்குகிறார் என்று கண்காணித்து, ஆலோசகர்களை நேரே அனுப்பியது. கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையே பட்டம் பெறுவதில் இருந்த இடைவெளி அங்கே மறைந்துவிட்டது.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகமும் இந்த ரகம்தான். கறுப்பின மாணவர்களை அறிவியலுக்குக் கொண்டுவர அங்கே 1988இல் பிறந்த மையர்ஹாஃப் திட்டத்தில் படித்தவர்தான், மாடர்னா கரோனா தடுப்பூசி ஆய்வில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மேகியா கார்பெட்.

கறுப்பினத்தவருக்கென்றே தொடங்கிய கல்லூரிகளும் நூறளவில் உள்ளன. சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் படித்த ஹோவர்ட் அவற்றில் ஒன்று. ஆனால், அந்தத் தெரிவு எல்லோருக்கும் ஒத்துவராது; கலப்பு வளாகத்தையே விரும்புவோருக்கு கறுப்பின மாணவர்களின் பங்கு, அவர்களில் பட்டம் பெறுவோர் விகிதம் ஆகிய இரண்டும்தான் நல்ல அளவுகோல்.

அமெரிக்கக் கல்வித் துறையின் ‘காலேஜ் நேவிகேட்டர்’ தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் இனவாரி மாணவர் பங்கும், இனவாரிப் பட்டமளிப்பு விகிதமும் இலவசமாகக் கிடைக்கின்றன. விசாவில் வந்த நைஜீரிய மாணவரும், ‘இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம்’ என்று குறித்தவரும் தனித்தனி வரிகளில் இருப்பார்கள்; அதையும் கவனிக்க வேண்டும். தரவரிசை வெளியிடும் நிறுவனங்கள் பன்மைக் குறியீட்டின் பக்கத்திலேயே இந்த இரண்டு எண்களையும் அச்சிட வேண்டும். தரவு அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது.