கால்நடை மருத்துவத்துக்கும் கட்டண அளவுகோல் வேண்டும்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. வீட்டுக்கு இரண்டு பூனை, மைக்ரோசிப், உரிமம் என விதிகளும் வந்தன. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அந்தப் பூனை நோயில் விழுந்தால் எவ்வளவு செலவாகும் என்பதை அறிய வளர்ப்பவருக்குப் பொதுவான வழி எதுவும் இல்லை. ஆண் பூனைகளுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதுண்டு. ஓரிரு நாள் தாமதித்தாலே உயிர் போய்விடலாம். நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடுபவரிடம் இரவு நேரக் கட்டணம், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மயக்க மருந்து, குழாய் பொருத்துதல், உள்நோயாளிக் கட்டணம் என வரிவரியாக ஒரு மதிப்பீட்டுத் தாளை நீட்டுவார்கள். அதற்குமேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. தேக்கா சந்தையில் வெண்டைக்காய் வாங்குபவர் நான்கு கடைகளில் விலை கேட்கலாம். வலியில் துடிக்கும் பூனையுடன் நான்கு மருந்தகங்கள் ஏறி இறங்க முடியுமா?

இதற்காக மருத்துவர்களைத் தூற்றுவது அநியாயம். சிங்கப்பூரில் கால்நடை மருத்துவக் கல்லூரி இல்லை. ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளுக்குச் சென்று பெரும் செலவில் படித்து வருகிறார்கள். வாடகை, கருவிகள், இறக்குமதி மருந்துகள், தாதியர் சம்பளம் அனைத்தும் கட்டணத்தில்தான் சேர வேண்டும். நமக்கு நோய் வந்தால் அரசு மானியமும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் சுமையில் ஒரு பகுதியைத் தாங்கிவிடுவதால், சிகிச்சையின் முழு விலை கண்ணில் படுவதில்லை. பிராணிகளுக்கு அந்தத் தாங்கல் கிடையாது. ஆகவே கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிப்பதை நாம் ஆதரிக்கவில்லை. விதித்தால் மருந்தகங்கள்தான் குறையும்.

வேண்டியது வெளிப்படையான அளவுகோல். சுகாதார அமைச்சு 2018இல் 222 அறுவை சிகிச்சைகளுக்கு மருத்துவர் கட்டண வரம்புகளை வெளியிட்டது. அவை கட்டாயமல்ல, நோயாளி ஒப்பிட்டுப் பார்க்க உதவுகின்றன. பிரிட்டனில் 2016க்கும் 2023க்கும் இடையே கால்நடை மருத்துவக் கட்டணம் 63 விழுக்காடு உயர்ந்ததைக் கண்ட சந்தைப் போட்டி ஆணையம், மருந்தகங்கள் விலைப்பட்டியல் வெளியிட வேண்டும் என 2025 அக்டோபரில் முன்மொழிந்தது. அளவுகோல் வந்தால் எல்லாரும் விலையை அந்த அளவுக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. சிங்கப்பூர் மருத்துவச் சங்கம் தன் கட்டண வழிகாட்டியை 2007இல் போட்டிச் சட்டக் கவலையால்தான் கைவிட்டது. ஆனால் அது தொழில் செய்வோரே வகுத்த பட்டியல். உண்மையான ரசீதுகளை ஆராய்ந்து அரசு நியமிக்கும் குழு வெளியிடுவது வேறு.

செல்லப்பிராணி வளர்ப்பது அவரவர் விருப்பம், செலவும் அவரவர் பாடு என்பார்கள் சிலர். விருப்பம்தான். ஆனால் வளர்க்கத் தொடங்கியபின், அதை நோயிலிருந்தும் காயத்திலிருந்தும் காப்பது விலங்குகள், பறவைகள் சட்டப்படி கடமை. தவறினால் தண்டனை உண்டு. கடமையை விதிக்கும் அரசு, அதன் செலவை அறியும் வழியையும் காட்ட வேண்டும். கருத்தடை, பல் சுத்தம், சிறுநீர் அடைப்பு, எலும்பு முறிவு போன்ற வழக்கமான சிகிச்சைகளுக்கேனும், கால்நடை மருத்துவத் துறையைக் கவனிக்கும் தேசியப் பூங்காக் கழகம் கட்டண வரம்புகளை வெளியிடும் பணியை உடனே தொடங்க வேண்டும்.