தோள் வலியை மறைத்து விளையாடலாமா? வருண் சக்ரவர்த்தி இழந்ததும் மீட்டதும்!

2020 அக்டோபர் 24, அபுதாபி. கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணிக்காகப் பந்து வீசிய வருண் சக்ரவர்த்தி, டெல்லி கேப்பிட்டல்ஸின் 5 விக்கெட்டுகளை வெறும் 20 ரன்களுக்குச் சாய்த்தார். அடுத்த இரண்டே நாள்களில் ஆஸ்திரேலியா செல்லும் இந்திய டி20 அணிப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 29 வயதில் கிடைத்த முதல் அழைப்பு அது.

ஆனால், நவம்பர் 9-ம் தேதி அந்தப் பெயர் நீக்கப்பட்டது. காரணம், தோள்பட்டைக் காயம். அவருக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்டவர் சேலம் சின்னப்பம்பட்டியின் நடராஜன். அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்று வடிவங்களிலும் நடராஜன் அறிமுகமானது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதவைத் திறந்துவிட்டது இன்னொரு தமிழக வீரரின் தோள் காயம் என்பது பலருக்கு மறந்திருக்கும்.

வருணின் சோதனை அதோடு முடியவில்லை. 2021 பிப்ரவரியில், இங்கிலாந்துக்கு எதிரான டி20 தொடருக்கு மீண்டும் தேர்வானார். இந்த முறை உடற்தகுதிச் சோதனையில் தேறாமல் வாய்ப்பு நழுவியது. கடைசியில் 2021 ஜூலை 25-ல், கொழும்பில் இலங்கைக்கு எதிராகத்தான் இந்தியத் தொப்பியை அணிந்தார். முதல் அறிவிப்பிலிருந்து கணக்கிட்டால் ஒன்பது மாதங்கள்!

தாம்பரம் பக்கத்து வாசகர்களுக்கு வருண் தூரத்து ஆள் இல்லை. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில், கூடுவாஞ்சேரியைத் தாண்டினால் வரும் பொத்தேரியில் இறங்கி, எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆர்க்கிடெக்சர் படித்தவர் பலர். அதே கல்லூரியில் அதே பாடத்தைப் படித்தவர்தான் வருணும். படிப்பு முடித்து, வேலை பார்த்து, அதன் பிறகு கிரிக்கெட்டுக்குத் திரும்பினார். அப்போது அவர் வேகப்பந்து வீச்சாளர். முழங்காலில் காயம் பட்ட பிறகுதான் சுழலுக்கு மாறினார். ஒரு காயம் அவரை ஸ்பின்னர் ஆக்கியது. இன்னொரு காயம் இந்திய அணியின் வாசலில் நிறுத்தி வைத்தது.

தோள் ஏன் இவ்வளவு எளிதில் அடிபடுகிறது?

உடம்பிலேயே அதிகமாக அசையும் மூட்டு தோள்தான். முன்னால், பின்னால், தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னே என எல்லாப் பக்கமும் கை சுழல்கிறது. இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. இடுப்பு மூட்டில் பந்து போன்ற எலும்பு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ கிண்ணம் மிகவும் ஆழமற்றது. சின்னத் தட்டின் மேல் பெரிய சாத்துக்குடியை வைத்தது போலத்தான் கையெலும்பு நிற்கிறது.

அந்தச் சாத்துக்குடி உருளாமல் பார்த்துக்கொள்பவர்கள் இரண்டு பேர். ஒன்று, தட்டின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் போல இருக்கும் லேப்ரம். இன்னொன்று, ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள். அந்தத் தசைகளை எலும்போடு கட்டிப்போடும் கயிறுகள்தான் தசைநாண்கள். வருணுக்குக் கிழிந்தது லேப்ரம் என்று அப்போதைய செய்திகள் குறிப்பிட்டன.

பந்தை எறியும்போது கை பின்னால் போய், சாட்டை போல முன்னால் வருகிறது. எறிந்து முடித்ததும் அந்த வேகத்துக்கு பிரேக் போடுவது இந்தத் தசைநாண்கள்தான். பேட்மின்டன் ஸ்மாஷ், வாலிபால் ஸ்பைக், ஈட்டி எறிதல், நீச்சல் எல்லாவற்றிலும் இதே கதை. நம் சச்சின் டெண்டுல்கரே 2006-ல் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைத் தோள்கள்

வாரம் ஆறு நாள் லேப்டாப் முன்னால் குனிந்து உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேடவாக்கத்திலோ வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலோ வாடகை கிரவுண்டில் இறங்கும் இளைஞர்களை யோசித்துப் பாருங்கள். பைக்கை நிறுத்திய ஐந்தாவது நிமிடம் பவுண்டரியிலிருந்து கீப்பருக்கு முழு வேகத்தில் த்ரோ. டென்னிஸ் பந்து எடை குறைவு என்பதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். உண்மையில் தோளுக்குச் சுமை பந்தின் எடை மட்டுமல்ல; கை சுழலும் வேகமும்தான்.

தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் தேய்மானம் சீக்கிரம் வரும், ஆறுவதற்கு அதிக நாள் ஆகும். தசைப்பிடிப்பு சில நாள்களில் சரியாகிவிடும். தசைநாண் காயத்துக்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் தேவை. 'வலி குறைஞ்சிடுச்சு, அடுத்த ஞாயிறு இறங்கிடலாம்' என்று நினைப்பவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வது இங்கேதான்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம்

கோச்சிங் கேம்ப்புக்கு அனுப்பும் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வளரும் வயதில் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கும். அளவுக்கு மீறிப் பந்து வீசினால், தசைநாணுக்கு முன்பே அந்தப் பகுதி பாதிக்கப்படலாம். செலக்‌ஷன் நெருங்கும்போது, 'வலிக்குதுன்னு சொன்னா டீம்ல எடுக்க மாட்டாங்கம்மா' என்று பிள்ளைகள் மறைப்பது வழக்கம். பள்ளி அணி, கேம்ப், தெரு கிரிக்கெட் என மூன்று இடத்திலும் ஒரே கைதான் வீசுகிறது. மூன்றையும் சேர்த்துக் கணக்கு வைக்க வேண்டியது பெற்றோர்தான்.

ரீஹாப் எப்படி நடக்கும்?

அறுவை சிகிச்சை என்றாலும் இல்லை என்றாலும், மீள்வதற்கான பாதை ஏறக்குறைய ஒரே படிக்கட்டுதான்.

முதல் படி, வலியையும் வீக்கத்தையும் குறைப்பது. இதற்கு அர்த்தம் கையைக் கட்டிவைத்துவிட்டுச் சும்மா இருப்பதல்ல. வலி தரும் அசைவுகளை மட்டும் நிறுத்துவது.

இரண்டாவது, கை முன்பு போலச் சுதந்திரமாக அசைய வைப்பது.

மூன்றாவது, பலம் சேர்ப்பது. ரப்பர் பேண்டை இழுப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற எளிய பயிற்சிகள்தான். பைசெப்ஸை மட்டும் பெரிதாக்கி பிரயோஜனமில்லை. முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் தசைகளும், இடுப்பும், கால்களும் பலம் பெற வேண்டும். எறியும் விசை காலில்தான் தொடங்குகிறது!

நான்காவது, மறுபடி விளையாட்டு. முதலில் குறைந்த தூரம், குறைந்த எண்ணிக்கை, பாதி வேகம். அடுத்த நாள் காலை வலி கூடவில்லை என்றால் ஒரு படி மேலே. கூடினால் ஒரு படி கீழே. வலியில்லாமல் இருப்பது மட்டும் போதாது. அடிபட்ட தோளின் பலம் மற்றத் தோளுக்கு ஈடாக வந்துவிட்டதா என்று பிசியோதெரபிஸ்ட் சோதித்த பிறகே முழு வேகம். இந்திய அணிக்கே தேர்வான வருணும் சோதனையில் தேறாமல் காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், நமக்கு மட்டும் குறுக்கு வழி ஏது?

ரப்பர் பேண்டும் ஒரு சுவரும் இருந்தால் பெரும்பாலான பயிற்சிகளை வீட்டிலேயே செய்யலாம். அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவுகளிலும் இதைக் கற்றுக்கொள்ளலாம். கஷ்டம் செலவில் இல்லை. தினமும் செய்வதில் இருக்கிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'கிழிவு' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. தோளில் வலியே இல்லாத விளையாட்டு வீரர்களை ஸ்கேன் செய்தாலும் சிறு கிழிவுகள் தெரிவதுண்டு. எனவே, படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. வயது, வேலை, கையின் பலம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் சொல்வார். அதேபோல, மேட்ச் ஆடுவதற்காக ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வது ஆபத்து. வலி மறையும், தசைநாண் பலவீனமாகும். அடிபட்ட உடனே எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவதும் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. விளையாடாதவர்களுக்கும் தோள் இறுகும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, ஃப்ரோஸன் ஷோல்டர் வர வாய்ப்பு அதிகம். தலை பின்ன முடியவில்லை, மேல் ஷெல்ஃபில் டப்பா எடுக்க முடியவில்லை என்று அம்மா சொன்னால், 'வயசாயிடுச்சு' என்று தள்ளிப்போடாதீர்கள்.

எப்போது உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

* விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாவிட்டால்
* தோளின் வடிவம் மாறித் தெரிந்தால், மூட்டு நழுவியது போலிருந்தால்
* விரல்கள் மரத்துப்போனால்
* இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி தொடர்ந்தால்
* இரண்டு வார ஓய்வுக்குப் பிறகும் எறியும்போது வலித்தால்

இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது தோள் பிரச்னையாக இல்லாமலும் இருக்கலாம். பிசியோவைத் தேடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

2021 டி20 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்கூடக் கிடைக்காமல் அணியிலிருந்து காணாமல்போன வருண், மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தார். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தபோது அவருக்கு வயது 33. தவறிப்போன தொடர்களுக்குப் பிறகும் விளையாட்டு வாழ்க்கை மிச்சம் இருக்கும். தோள் மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வரும் ஞாயிறு கிரவுண்டில் இறங்கும் முன் பத்து நிமிடம் வார்ம்-அப் செய்யுங்கள். வலித்தால், கேப்டனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.