கனி எங்கே என்று கேட்பவர்களுக்கு

ஆண்டுக்கணக்காக உழைத்தும் ஆட்கள் சேராத ஊழியம் கனியற்றது, பொறுமை என்பது சோம்பலுக்குச் சூட்டிய பக்திப் பெயர் என்று சிலர் வாதிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது.

மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளம் வந்தார். அடுத்த ஆண்டே ஐந்து வயது மகனைப் புதைத்தார். மனைவியின் மனநலம் குலைந்தது. அவர் ஊழியத்தின் முதல் கனியான தச்சர் கிருஷ்ண பால் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் கடைசியில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் வீணா? அப்போதுதான் கேரி வங்காள மொழி கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1801இல் அது அச்சேறியது. 1812இல் செராம்பூரில் இருந்த அவரது ஊழிய அச்சகம் எரிந்து கையெழுத்துப் பிரதிகள் சாம்பலானபோது, மறுபடியும் எழுத உட்கார்ந்தார்.

மூன்று வருஷம் காய்க்காத அத்திமரத்தை வெட்டத்தானே லூக்கா 13இல் எஜமான் சொன்னார் என்கிறார்கள். தோட்டக்காரனை மறந்துவிட்டார்கள். அவன் இன்னும் ஒரு வருஷம் கேட்டது சும்மா இருக்க அல்ல. சுற்றிலும் கொத்தி எருப்போட. அதுதான் பொறுமை.

கலாத்தியரில் உள்ள ஆவியின் கனிகளில் நீடிய பொறுமையும் ஒன்று. தலைக்கணக்கு அதில் இல்லை. ஆகவே, கனி எங்கே என்று பிறரைக் கேட்குமுன், நம் கையில் மண்வெட்டி இருக்கிறதா என்று பார்ப்போம்.