கடாரம் வென்றவர்களின் விடுதி அறை

தீபாவளிக்குப் பனியன் கம்பெனிகள் அடைக்கப்படும் பத்து நாட்களில் திருப்பூர் வட்டாரம் இரண்டாகப் பிரிகிறது. வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு சொந்த ஊருக்குப் பேருந்தும் ரயிலும் ஏறுகிறார்கள். கையில் நான்கு காசு சேர்ந்த உள்ளூர்க்காரர்கள் விமானம் ஏறுகிறார்கள். முன்பு ஊட்டியும் மூணாறும் போதுமாயிருந்தன. 2023 நவம்பரில் தாய்லாந்து அரசு இந்தியப் பயணிகளுக்கு விசா விலக்கு அளித்த பிறகு, குன்னத்தூர் போன்ற சிற்றூரில் இருந்தும் 'தாய்லாந்து போய் வந்தோம்' என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது. இவ்வாண்டு எங்கள் வாசக நண்பர் குழுவிலும் ஆறு பேர் கிராபி மாநிலத்துக்குச் செல்வதென்று முடிவாயிற்று. எங்கே தங்குவது என்ற கேள்வியில் மூன்று வாரங்கள் சண்டை நடந்தது. சண்டையின் முடிவில் நாங்கள் வந்தடைந்த நிலைப்பாட்டை இங்கே முன்வைக்கிறோம்.

போய் வந்த பிறகு எழுதலாமே என்று கேட்கலாம். தமிழில் பயணக்கட்டுரைகள் எல்லாம் போய் வந்த பிறகு எழுதப்பட்டவைதாம். செலவழித்த பணத்தை நியாயப்படுத்தும் கட்டாயம் அவற்றுக்கு உண்டு. பணம் இன்னும் பையில் இருக்கும்போது எழுதினால் கொஞ்சம் நேர்மையாக எழுத முடியும் என்று நம்புகிறோம்.

கிராபி, தாய்லாந்தின் அந்தமான் கடற்கரையில் உள்ள மாநிலம். சுண்ணாம்புப் பாறைகள் கடலுக்குள் செங்குத்தாக நிற்கும் நிலப்பரப்பு; நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள்; உள்நாட்டில் ரப்பரும் எண்ணெய்ப்பனையும். மக்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். விசாரித்தவர்கள் எல்லாரும் எங்களுக்குத் தந்த அறிவுரை ஒன்றே: "ஆவோ நாங்கில் அறை போடுங்கள். கடற்கரைச் சாலை. நடந்து போகும் தூரத்தில் இந்தியச் சாப்பாடு. வாசலிலேயே படகு. மூன்று நாளில் நான்கு தீவு, பீ பீ, ரைலே எல்லாம் முடித்துவிடலாம்."

'முடித்துவிடலாம்' என்ற அந்தச் சொல்லில்தான் எங்கள் சண்டை தொடங்கியது. ஷிப்மெண்ட்டை முடிக்கலாம். ஒரு நிலத்தை எப்படி முடிப்பது?

ஆவோ நாங் கெட்ட இடம் என்று சொல்ல வரவில்லை. அங்கே கண்ணில் படுகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல வந்தவர்கள், அல்லது நமக்காக வந்தவர்கள் என்பதே எங்கள் குறை. நமக்காக வந்தவர்களிலும் பலர் தாய்லாந்துக்காரர்கள் அல்லர். தென் தாய்லாந்தின் மீன்பிடிப்படகுகளிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் கட்டுமானப் பணிகளிலும் விடுதிகளிலும் உடலுழைப்பின் பெரும்பகுதி பர்மியத் தொழிலாளர்களுடையது. அறையைத் துடைக்கும் பெண் எந்த ஊர்க்காரி என்று தெரியாமலேயே நான்கு நாள் தங்கி, 'தாய்லாந்து மக்கள் எவ்வளவு பணிவு' என்று சிலாகித்துவிட்டுத் திரும்பலாம்.

இந்த இடத்தில் வாசக நண்பர்கள் சற்று நின்று தம் ஊரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பையர் வருகிறார். நட்சத்திர விடுதியில் தங்குகிறார். குளிரூட்டிய காரில் வந்து, சாம்பிள் அறையில் அமர்ந்து, இளநீர் குடித்து, பீஸுக்கு ஐந்து சென்ட் குறைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது, 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை எப்படிப் பாசன அணையாகப் பயன்படாமல் கழிவுநீர்க் குட்டையாயிற்று, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலைக்கு விவகாரம் ஏன் முற்றியது என்பவையெல்லாம் அவர் தங்கிய அறையின் சன்னலில் தெரிவதில்லை. தெரியாத இடமாகப் பார்த்துத்தான் அவருக்கு அறை போடப்படுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவனையும் அவர் 'திருப்பூர்க்காரன்' என்றே நினைத்துக்கொள்கிறார். இதைப் பற்றி இருபது ஆண்டுகளாகக் கோபமாகப் பேசியிருக்கிறோம். சிலர் கதையாகவும் எழுதியிருக்கிறோம்.

நாம் வெளிநாடு போகிறபோது யாராக மாறுகிறோம்? கைபேசியில் பத்து விடுதிகளின் வாடகையை அடுக்கி, இருநூறு ரூபாய் குறைகிறதா என்று பார்க்கும் நாம் அந்த பையரின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அந்த இருநூறு ரூபாய் யார் கூலியிலிருந்து குறைகிறது என்பது, பீஸ் ரேட்டில் வளர்ந்த ஊர்க்காரர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. அது நம் இலக்கிய வட்டாரத்துக்கு நெருக்கமானது என்பதால் கூடுதல் கறாராகவே சொல்ல வேண்டும். தென்கிழக்காசியா என்றதும் நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் போயின, அவனுடைய மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தலைத்தக்கோலத்தையும் பட்டியலிடுகிறது, உண்மை. அந்தத் தக்கோலம், கிராபிக்கு வடக்கே பங்கா மாநிலத்தில் இருக்கும் தக்குவா பா என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். மேடையில் கடாரம் கொண்டானை முழங்குகிறவர்கள் விமானம் இறங்கியதும் தேடுவது மசாலா தோசை கிடைக்கும் தெருவை. முன்னோர் வென்ற நிலம் என்கிறார்கள். அந்நிலத்தில் அவர்களுக்குத் தெரிந்தது விடுதியின் நீச்சல் குளம் மட்டுமே. படையெடுத்து வந்தவன் ஊரைக் கொள்ளையடித்துவிட்டுப் போகிறான், அங்கே தங்குவதில்லை. அந்த மனநிலையின் எளிய வடிவம்தான் 'மூன்று நாளில் நான்கு தீவு'.

தங்கியவர்கள் வேறு. தக்குவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ராஜேந்திரனுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முந்தையது. அது போரைச் சொல்லவில்லை. அவனிநாரணம் என்ற குளத்தைச் சொல்கிறது; அக்குளத்தின் பாதுகாப்பு மணிக்கிராமத்து வணிகர் உள்ளிட்டோர் பொறுப்பில் விடப்பட்டதைச் சொல்கிறது. வணிகம் செய்யப் போனவர்கள் அந்த மண்ணில் ஒரு குளத்தின் காவலை ஏற்றிருக்கிறார்கள். குளத்தைக் காப்பவன் அடுத்த மழையையும் அங்கேயே எதிர்பார்க்கிறவன்.

அதற்கும் முந்தையது கிராபி மாநிலத்திலேயே இருக்கிறது. கிராபி நகருக்குத் தெற்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் குளோங் தோம் என்ற ஊர். அங்கே ஒரு மேட்டுக்குத் தாய் மொழியில் 'குவான் லூக் பாத்' என்று பெயர். மணிமேடு என்று பொருள். பண்டைக்காலத்தில் மணிகள் செய்யப்பட்டும் விற்கப்பட்டும் வந்த துறைமுக ஊர் அது. அவ்வூர்ப் பௌத்த விகாரையின் அருங்காட்சியகத்தில் பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கல் ஒன்று இருக்கிறது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அரசன் இல்லை, படை இல்லை, விருது இல்லை. ஒரு பொற்கொல்லன், அவனுடைய தொழிற்கருவி, அதன்மேல் அவன் பெயர். தையற்காரர் தம் கத்தரிக்கோலில் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, இதைவிட நெருக்கமான கல்வெட்டு வேறில்லை.

எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணிப் பயணத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுவே என்பர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் அங்கே சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல் முதலியவற்றைப் பட்டை தீட்டி மணியாக்கிய பட்டறைகளின் தடயங்களும், ஆட்பெயர் கீறிய பானையோடுகளும் கிடைத்தன. காங்கயம் பக்கத்துப் படியூர் பச்சைக்கல்லுக்குப் பேர்போனது. ஏற்றுமதி என்பது இவ்வட்டாரத்துக்கு நேற்று வந்த தொழில் அல்ல. கொங்கு மண்ணின் மணித்தொழிலும் குளோங் தோமின் மணித்தொழிலும் ஒரே கடல்வணிக உலகத்தின் இரு முனைகள். இந்த உறவின் ஒரு முனையில் பிறந்த நாம், மறுமுனைக்கு ஒரு மணி நேரத் தொலைவில் நான்கு நாள் தங்கிவிட்டு, அதைப் பார்க்காமல் திரும்புவோமானால், கடாரத்தைப் பற்றி மேடையில் வாய் திறக்கக் கூடாது.

இனி எங்களுக்கு வந்த மறுப்புகள்.

முதலாவது: ஆண்டு முழுக்கக் கட்டிங் மேசை முன் நின்றவனுக்கு ஓய்வு வேண்டும், அவனிடம் வரலாறும் அறமும் பேசாதீர்கள். இதை மதிக்கிறோம். ஆனால் நான்கு தீவுகளை ஒரே பகலில் பார்த்து வருவது ஓய்வல்ல. அது இன்னொரு ஷிப்ட். 2000இல் வெளியான ஒரு ஹாலிவுட் படத்தில் காட்டப்பட்டதால் புகழ்பெற்ற மாயா விரிகுடாவின் கதையைப் பாருங்கள். வந்து குவிந்த படகுகளால் பவளப்பாறைகள் சிதைந்து, 2018 ஜூனில் அதை மூடினார்கள். 2022 ஜனவரியில் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். மனிதர் வராதபோது கருப்புத்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. அந்தக் கடலும் ஓய்வு கேட்டிருந்தது.

இரண்டாவது: குழந்தைகள், வயதானவர்கள், சைவச் சாப்பாடு. நியாயமான கவலை. ஆனால் தென் தாய்லாந்தின் சீன வம்சாவளியினரிடம் 'ஜே' என்ற சைவ மரபு உண்டு. மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்துத் தெரிந்தால் அது ஜே கடை. இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லை, பூண்டு வெங்காயம்கூட இல்லை. நம் வீட்டு விரதச் சமையலைவிடக் கறாரானது. பால் இராது என்பதால் டீ குடிக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் தவிப்பார்கள். தவிக்கட்டும்.

மூன்றாவது மறுப்பே கூர்மையானது: உள்ளூர் மக்களோடு தங்குகிறேன் என்பதும் ஒரு நுகர்வுதானே? எளிமையை விலைக்கு வாங்கும் பணக்காரத்தனம்தானே? ஆம், பெருமளவு அப்படித்தான். நாங்கள் புனிதர்களாகத் திரும்பப் போவதில்லை. ஆனால் ஒரே பணம் இரண்டு இடத்தில் ஒரே வேலையைச் செய்வதில்லை. கிராபிக்கும் புக்கெட்டுக்கும் இடையிலுள்ள யாவ் நோய் தீவைச் சொல்லலாம். இழுவைப் படகுகள் தம் கடலை வழித்தெடுப்பதை எதிர்த்து ஒன்றுசேர்ந்த முஸ்லிம் மீனவர்கள், 1990களில் தம் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைக்கத் தொடங்கினார்கள். வருமானத்தில் ஒரு பங்கு பொதுநிதிக்குப் போகிறது. 2002இல் பன்னாட்டு அளவில் விருது பெற்ற முயற்சி அது. அங்கே விருந்தினர் தரும் காசு ஒரு போராட்டத்தின் பக்கம் நிற்கிறது. மது கிடையாது, வீட்டாரின் நோன்புக்கும் தொழுகைக்கும் நாம் மதிப்பளிக்க வேண்டும் என்றால், அது நிபந்தனை அல்ல; விருந்தாளியின் குறைந்தபட்ச நாகரிகம்.

தங்குமிடம் என்பது நிலத்தை அறிந்தவன் எங்கே வீடு கட்டினான் என்ற கேள்வியும்கூட. லந்தா தீவின் பழைய ஊர் கிழக்குக் கரையில் இருக்கிறது; கடலுக்குமேல் தூண்கள் நட்டுக் கட்டிய மரவீடுகள். சீனரும் முஸ்லிம்களும் ஊராக் லாவோய் என்ற கடலோடிப் பழங்குடியினரும் வாழும் கரை அது. விடுதிகள் வரிசைகட்டி நிற்பது மேற்குக் கரையில். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அறைவது அந்த மேற்கில்தான். வீடு கட்டியவன் காற்றைப் பார்த்தான். விடுதி கட்டியவன் அஸ்தமனத்தைப் பார்த்தான். 2004 டிசம்பர் 26 அன்று பீ பீ தீவின் குறுகிய மணற்கழுத்தில் இருபுறமிருந்தும் கடல் புகுந்தது. அங்கேதான் விடுதிகள் நெருக்கியடித்து நின்றன. அதே மணற்கழுத்தில்தான் மீண்டும் கட்டியிருக்கிறார்கள், ஏனெனில் நாம் அங்கேதான் அறை கேட்கிறோம்.

ஆகவே எங்கள் ஆறு இரவுகளை இப்படிப் பிரித்திருக்கிறோம். இரண்டு இரவு கிராபி நகரில்: ஆற்று முகத்துவாரம், அலையாத்திக் காடு, பள்ளிக்கூடமும் சந்தையும் அரசு அலுவலகமும் உள்ள சாதாரண ஊர். அங்கிருந்து ஒரு பகல் குளோங் தோம். இரண்டு இரவு லந்தாவின் பழைய ஊர். இரண்டு இரவு யாவ் நோயில் ஒரு மீனவர் வீடு. ஆவோ நாங்குக்கு ஒரு மாலை போய், ஐஸ்கிரீம் தின்று திரும்புவோம். விரதம் ஒன்றும் இல்லை. அறுவரில் ஒருவர் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார், நீச்சல் குளம் இல்லையாம். கடல் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறோம்.

இதைப் படிக்கும் நண்பர்கள் எங்கள் பட்டியலைப் பின்பற்ற வேண்டியதில்லை. அறை போடுமுன் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நம் ஊருக்கு வருகிறவர் எங்கே தங்கினால் நம்மைக் கொஞ்சமாவது பார்த்திருப்பார்? அந்தப் பதிலுக்கு ஈடான இடம் எல்லா ஊரிலும் இருக்கிறது. வாடகையும் பெரும்பாலும் குறைவு.

பெரும்பதனே கடல் கடந்து வந்தானா, கல் மட்டும் கைமாறி வந்ததா என்று அந்தக் கல் சொல்வதில்லை. பொன்னா பித்தளையா என்று உரைத்துச் சொல்ல மட்டுமே அதற்குத் தெரியும். நம்மையும் ஒருமுறை அதன்மேல் உரைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.